தண்ணீர் ஊற்றிய கை

டோரதிக்கு முதல் வலிப்பு வந்தது நெத்திலி காயப்போட்டிருந்த மணலில். நல்ல சித்திரை வெயில். சாந்தோம் பெரிய கோயிலுக்குப் பின்னால் இருந்த குப்பத்தில் ஆண்கள் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குனிந்தபடி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காக்கை விரட்டுவது பிள்ளைகளின் வேலை. ஆறு வயசு டோரதி குச்சியும் கையுமாக நின்றவள், நின்ற வாக்கிலேயே நெத்திலியின் மேல் விழுந்தாள். கண் மேலே செருகிவிட்டது, பல் கிட்டிவிட்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவள் அம்மா மர்சலின் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாள். யாரோ ஒருத்தி பெட்டிச் சாவியைக் கொண்டுவந்து பிள்ளையின் உள்ளங்கையில் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிற்று. பிள்ளை ஒன்றும் நடக்காத மாதிரி கண்ணைத் திறந்து, “காக்கா பூடுச்சா?” என்று கேட்டது.

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி நீராகாரம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அதற்கப்புறம் வெயிலே இல்லாத நேரத்திலும் வந்தது. கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது, தலை வாரிக்கொண்டிருக்கும்போது வந்தது. மர்சலின் மீன் விற்கப் போவதைக் குறைத்துக்கொண்டாள். ராயப்பேட்டை மார்க்கெட்டில் அவளுக்கென்று ஒரு மூலை உண்டு. அவள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற வாடிக்கைக்காரர்கள் உண்டு. கூடையைத் தலையில் வைத்தால் லஸ் தாண்டும்வரை நிமிராமல் நடப்பவள், இப்போது நடுவழியிலேயே திரும்பி வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் புருஷன் காஸ்பர் அதிகம் பேசாதவன். ஒரு நாள் மட்டும், “ராயப்பேட்ட ஆஸ்பத்திரில காட்டலாமா?” என்றான். காட்டியிருக்கலாம். ஆனால் ஆடிக் கடைசியில் மாதா திருநாள் வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது.

மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள். கோயில் கொள்ளாத கூட்டம். நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற வேளை, மணி அடிக்கிறது, எல்லாரும் தலை குனிந்து முழங்காலில் இருக்கிறார்கள். அந்த மணிச் சத்தத்தின் மேலேயே டோரதி அலறி விழுந்தாள். அவ்வளவுதான். குப்பத்துக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தேவநற்கருணையைப் பார்க்கப் பொறுக்காதது எது என்று ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

சொல்லிக் கொடுத்தவர் உபதேசியார் பவுல்சாமி. நல்ல மனுஷன், நல்ல குரல். ஆனால் அவருக்குச் சம்மனசுகள் என்கிற தேவதூதர்களைவிடப் பசாசுகளோடுதான் பழக்கம் அதிகம். அவைகளின் பேரும் குணமும் தந்திரமும் அவருக்கு அத்துப்படி. பூசை முடிந்ததும் மர்சலினைக் கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்து விசாரித்தார்.

“இந்தப் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாரு?”

“பாயம்மாதான் தண்ணி ஊத்தினாங்க உபதேசியாரே. பொழைக்காதுன்னு ஆயிடுச்சு. அப்பால மூணாம் மாசம் கோயிலுக்கு எடுத்தாந்து சாமி மீதியெல்லாம் பண்ணிட்டாரு. உப்பு வச்சு, எண்ணெ பூசி, எல்லாம் ஆச்சு.”

“மீதி ஆச்சு. மொதல் ஆச்சா? தண்ணி ஊத்துனது துலுக்கச்சி கை. அந்தக் கையால உள்ள கீறவன் வெளிய போவானா? நீயே யோசன பண்ணிக்க.”

பாயம்மா என்று குப்பம் கூப்பிட்டது மருத்துவச்சி ஜைதூன் பீயை. ராயப்பேட்டையில் வீடு. கடற்கரைக் குப்பத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் விழுந்தன. முன்பு இருந்த ஒரு சாமியார் அவளைக் கூப்பிட்டு, பிள்ளை பிழைக்காது போலிருந்தால் தலையில் தண்ணீர் ஊற்றி இன்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அவசரத்தில் யார் செய்தாலும் செல்லும், செய்கிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமென்றுகூட இல்லை என்பது திருச்சபையின் சட்டம். பவுல்சாமிக்கு அந்தச் சட்டம் தெரியும். ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்த வருஷம் வடக்கே நடந்த கலவரங்களைக் கேட்டுக் கேட்டு ஊரே கொஞ்சம் மாறிப்போயிருந்தது. மார்க்கெட்டில் காலங்காலமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

டோரதி பிறந்தது ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான சமயத்தில். காஸ்பர் கோவளத்துப் பக்கம் கட்டுமரத்தோடு போய் மாட்டிக்கொண்டான். குப்பத்தில் பாதிக் குடிசை பூட்டிக் கிடந்தது. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் ஜைதூன் பீ ராயப்பேட்டையிலிருந்து தனியாக நடந்து வந்தாள். பிள்ளை நீலம் பாரித்து விழுந்தது, அழவில்லை. “பேரு இன்னா வைக்கிறே, சீக்கிரம் சொல்லு” என்று அவள் கேட்டதும், டோரதி என்று தான் சொன்னதும், குவளையைச் சரித்தபடி அவள் ஒவ்வொரு வார்த்தையாக, தடுமாறாமல், “பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்” என்று சொன்னதும் மர்சலினுக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. தண்ணீர் பட்ட குளிர்ச்சியில்தான் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஜைதூன் பீயும் சேர்ந்து அழுதாள்.

இதெல்லாம் தெரிந்த மர்சலின்தான் மறுநாள் இப்போதைய பங்குச் சாமியார் சவரிராயரிடம் போனாள். சாமியாருக்கு வயசாகிவிட்டது, மூச்சிழுப்பு வேறு. மேசையில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“திரும்ப ஞானஸ்நானமா? அது ஒரு தரம்தான் அம்மா. ரெண்டாம் தரம் கொடுக்கிறது தேவதுரோகம். பிள்ளைக்கு வந்திருக்கிறது நோவு. அதுக்கு டாக்டர் இருக்கார்.”

“மணி அடிச்சப்போ உளுந்தா சாமி. எல்லாரும் பாத்தாங்க.”

“மணி அடிக்காதப்பவும் விழுந்திருக்காளே. தண்ணி ஊத்தினது யாருங்கிறது முக்கியமில்லை. தண்ணி ஊத்தணும், வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். வார்த்தை சொன்னாளா அவ?”

கேட்டுவிட்டு அவர் இருமத் தொடங்கினார். அந்த இருமல் நீளமாகப் போயிற்று. மர்சலின் பொய் சொல்ல வந்தவள் அல்ல. பொய் என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. ஆனால் அவர் இருமி முடிப்பதற்குள் ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

“எனுக்குக் கேக்கல சாமி,” என்றாள்.

“கேக்கலையா, அவ சொல்லலையா?”

“சொன்னா மாதிரி தெர்யல.”

சாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். சந்தேகம் இருந்தால் ‘நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்’ என்று முன்னால் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம், அதற்குச் சட்டம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கொண்டு வா என்றார்.

ஞானத்தாயாக நிற்க மர்சலின் லூயிசாவைக் கேட்டாள். அடுத்த குடிசைக்காரி, வலை பின்னிப் பிழைக்கிறவள். அவள் புருஷன் வில்லியம் போன வருஷம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரே பிள்ளை பிறந்த அன்றே செத்துப்போயிற்று. கோயில் கல்லறையில் சுவரோரம் ஒரு முழ நீளத்துக்கு ஒரு மண்மேடு, அதன் தலைமாட்டில் சுண்ணாம்பு அடித்த சிலுவை. பிள்ளையின் பேர் இஞ்ஞாசி. பிழைத்திருந்தது ஒரு நாழிகைதான், ஆனாலும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு போன பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்காக யாரும் வேண்டிக்கொள்ள வேண்டியதில்லை, அது நேரே மோட்சத்தில் சம்மனசாக இருக்கிறது என்பது வேதம். வில்லியம் போன பிறகு லூயிசா உயிரோடு இருந்ததே அந்த ஒரு பிடிப்பில்தான். “அப்பனைப் புள்ள பாத்துக்குது” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை லூயிசா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு டோரதியின் தோளில் கை வைத்து நின்றாள். சாமியார் பிள்ளையின் முகத்தில் ஊதினார், நாக்கில் உப்பு வைத்தார். பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார். அவனுடைய கிரியைகளையெல்லாம் விட்டுவிடுகிறாயா என்று கேட்டார். “விட்டுவிடுகிறேன்” என்று பிள்ளைக்காக லூயிசா பதில் சொன்னாள். பின்னால் நின்ற மர்சலினின் உதடும் அசைந்தது. கூட்டம் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு பார்த்தது. பவுல்சாமி கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். துலுக்கச்சி தண்ணீர் ஊற்றினாளே ஒழிய வார்த்தை சொல்லவில்லையாம், தாயே சொல்லிவிட்டாளாம்.

படியிறங்கும்போது லூயிசா மர்சலினின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாயம்மா வார்த்த சொல்லலையா?”

“எனுக்குக் கேக்கலன்னுதான்...”

“என் புள்ளைக்கும் அவுங்கதானே ஊத்தினாங்க. நான் நெனவில்லாம கெடந்தேனே. அவுங்க சொன்னேன்னாங்க, நான் நம்பிக்கினேன்.”

மர்சலின் கையை விடுவித்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பசிக்குது என்று சொல்லி நடையைக் கட்டினாள்.

டோரதிக்கு அதற்கப்புறம் வலிப்பு வரவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பிள்ளை மணலில் ஓடினாள், நண்டு பிடித்தாள், சுறாப்புட்டை வழித்து வழித்துத் தின்றாள். மர்சலின் மறுபடியும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு லஸ் வழியாக நடந்தாள். ஒவ்வொரு நாளும் பிள்ளையைப் பார்க்கும்போது, நான் செய்தது சரிதான், பொய்யா நிஜமா என்று யார் பார்த்தார்கள், பிள்ளை நன்றாக இருக்கிறாளா இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொள்ளாமல் ஒரு நாள்கூடக் கழியவில்லை.

அந்தப் பேச்சுக்குக் காலும் கையும் முளைத்துவிட்டன. பாயம்மா டோரதிக்கு வார்த்தை சொல்லவில்லை என்று ஆரம்பித்தது, யாருக்குமே சொன்னதில்லை என்று ஆயிற்று. வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டாள் என்று ஆயிற்று. குப்பத்தில் இடுப்பு நோவு கண்டால் இப்போது அடையாற்றிலிருந்து யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜைதூன் பீ ஒரு நாள் மார்க்கெட்டில் மர்சலினின் கூடைக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தாள். நெத்திலியைக் கையால் அளைந்துகொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நான் சொல்லும்போது நீ முழிச்சுக்கினுதானே இருந்தே, பேட்டி, எம் மவளே?”

“எனுக்கு நெனவில்ல பாயம்மா.”

ஜைதூன் பீ நெத்திலியிலிருந்து கையை எடுத்து உதறிக்கொண்டாள். அப்புறம் எழுந்து, புர்காவை இழுத்து விட்டுக்கொண்டு, மீன் வாங்காமல் போய்விட்டாள். அன்றைக்கு மர்சலின் வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது விரலை வெட்டிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடல் மண்நிறமாகப் புரண்டது, கட்டுமரங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற ஆத்துமாக்கள் திருநாள் நெருங்கியதால் கல்லறையில் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை நடந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் காஸ்பர் மண்வெட்டியோடு திரும்பி வந்து, அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த மர்சலினிடம் சொன்னான்.

“லூயிசா உபதேசியாராண்ட கேட்டுக்கினு இருந்துச்சு. புள்ளய தோண்டி அந்தாண்ட மூலைக்கு மாத்தணுமான்னு.”

அந்தாண்ட மூலை என்பது மந்திரிக்காத மண். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளைப் புதைக்கிற இடம். அங்கே சிலுவை வைப்பதில்லை, கோயில் மணி அடிப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, சர்வேசுரனைப் பார்க்க முடியாத ஒரு மங்கலான ஸ்தலம்தான் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாயும் தகப்பனும் செத்து மோட்சத்துக்குப் போனாலும் அங்கே பிள்ளையைப் பார்க்க முடியாது.

“உபதேசியாரு இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள் மர்சலின்.

“சாமியாண்ட கேட்டு சொல்றேன்னாரு. அது அழல. அதான் எனுக்கு பேஜாரா போச்சு. வில்லியம் போனப்போகூட அந்த மூஞ்சிய அப்படிப் பாக்கல.” காஸ்பர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். “நீ நல்லா யோசன பண்ணிப் பாத்தியா மர்சலின்? பாயம்மா ஏதாவது மொணமொணன்னு சொல்லியிருப்பாங்க, உனுக்கு அந்த வலில...”

“சோறு துன்றியா, பேசிக்கினே இருக்கப் போறியா?”

அவன் சாப்பிட்டான். கருவாட்டுக் குழம்பும் ரேஷன் அரிசிச் சோறும். மர்சலினுக்கு இறங்கவில்லை. பாயில் படுத்திருந்த டோரதியின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள். இந்த மூச்சுக்காகத்தான் அவள் அதைச் செய்தாள். இப்போது வாயைத் திறந்தால், பொய் சொல்லி வாங்கின ஞானஸ்நானம் என்ன ஆகும்? விரட்டப்பட்டவன் திரும்பி வந்து ‘இந்த வீடு என்னுடையது’ என்று மறுபடி உட்கார்ந்துகொள்ள மாட்டானா? ஒரு பக்கம் லூயிசாவின் செத்த பிள்ளை, ஒரு பக்கம் தன் உயிருள்ள பிள்ளை. எந்தத் தாயாக இருந்தாலும் எதை எடுப்பாள்? இந்தக் கேள்வியையும் அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டாள். பதில் எப்போதும் அவளுக்குச் சாதகமாகவே வந்தது.

திருநாளுக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். மர்சலின் வரிசையில் கடைசியாக நின்றாள், பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டாள். கடைசியில் வேறு ஆள் இல்லை. மரச்சட்டத்தின் இந்தப் பக்கம் முழங்காலில் இருந்து, கிராதியில் வாய் வைத்து, “பொய் சொன்னேன் சாமி” என்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“மோசம் பண்ணிட்டியேம்மா,” என்றார் சவரிராயர் சாமி.

“பசாசு என்னை சொல்ல வச்சுடுச்சு சாமி.”

“வைக்கலை. அவனால யாரையும் எதையும் செய்ய வைக்க முடியாது. பக்கத்தில வந்து நின்னு நியாயம் பேசுவான். பிள்ளைக்காகத்தானேம்பான், சின்ன வார்த்தைதானேம்பான். சரின்னு சொல்றது நாமதான். நீ அவனைப் பிள்ளை மேல தேடிக்கிட்டிருந்தே. அவன் அங்க இல்லை.”

“நான் இப்போ நெசத்த சொன்னா அவளுக்குத் திரும்ப வந்துடும் சாமி.”

“வலிப்பு வந்தாலும் வரும். நோவு வரும், போகும். அது வந்தா பொய் பலிச்சுதுன்னோ நிஜம் கெடுத்ததுன்னோ கணக்குப் போடாதே. முதல்ல ஊத்தின தண்ணியே போதும். அன்னைக்கே அவ சர்வேசுரனுடைய பிள்ளை.” அவர் மூச்சு வாங்கினார். “ஒருத்தி பேரைக் கெடுத்திருக்கே. ஒருத்தி பிள்ளையை மோட்சத்திலேர்ந்து இறக்கியிருக்கே. அதைத் திருப்பிக் கொடுக்கிறதா எனக்கு வாக்குக் கொடுத்தால்தான் நான் மன்னிப்புச் சொல்ல முடியும்.”

“நீங்களே லூயிசாவாண்ட சொல்லிடக்கூடாதா சாமி?”

“இங்க கேட்டதை நான் செத்தாலும் வெளியில சொல்லக்கூடாது. நாளைக்கு அவ வந்து என்னைக் கேட்டா, சட்டத்தைச் சொல்லுவேன். நீங்க அங்க இருந்தீங்களா சாமின்னு அவ கேப்பா. அதுக்கு மேல எனக்கு வாயில்லை. உனக்குத்தான் இருக்கு.”

மர்சலின் வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, எழுந்து நடக்கும்போதே எப்படித் தப்பிக்கலாம் என்று மனசு துழாவிற்று. பாயம்மாவிடம் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டால் போதாதா? பேர் கெட்டது அவளுக்குத்தானே? அப்படி நினைத்துக்கொண்டு, கையில் இரண்டு கொடுவா மீனைத் தென்னங்கீற்றில் கோத்துக்கொண்டு, திருநாளன்று காலையில் தூறலோடு தூறலாக ராயப்பேட்டைக்குப் போனாள்.

ஜைதூன் பீ உள்ளே வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முறத்தில் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மீனைப் பார்த்தாள், வாங்கிக்கொள்ளவில்லை. உட்காரு என்றும் சொல்லவில்லை. மர்சலின் நின்றபடியே சொல்லி முடித்து அழுதாள்.

“அழாதே. எனுக்கு அது பிடிக்காது,” என்றாள் ஜைதூன் பீ. முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த வார்த்த சொல்றப்பல்லாம் எனுக்கு நெஞ்சு நடுங்கும், தெர்யுமா உனுக்கு? அல்லாவுக்குப் புள்ள கீதுன்னு சொல்றது எங்க மார்க்கத்துல பெரிய குத்தம். சொல்லிட்டு வூட்டுக்கு வந்து குளிச்சு, தொழுது, மன்னிப்பு கேப்பேன். ஒவ்வொரு வாட்டியும். என் புருஷனுக்குக்கூட சொன்னதில்ல. வார்த்தய முழுங்கிட்டு உதட்ட மட்டும் அசைச்சிருக்கலாம். யாரு கண்டுபிடிப்பாங்க? ஆனா சாவப் போற புள்ளயாண்ட என்னால பொய்யா நடிக்க முடியல. அந்தத் தாய் கேக்கறா. நம்பிக் கேக்கறா.”

“லூயிசா புள்ளைக்கும்...”

“சொன்னேன். வெளிய நின்னுக்கினு வில்லியம் புள்ள பேர சொன்னான். அது என் வாயில நொழையல. ரெண்டு வாட்டி கேட்டுக்கினு, இஞ்ஞாசி, இஞ்ஞாசின்னு சொல்லிப் பாத்துக்கினு அப்பறம் ஊத்தினேன். தப்பா சொல்லிடக்கூடாதுன்னு.”

“என்னை மன்னிச்சுடு பாயம்மா.”

“எனுக்குத் தெரிஞ்சத என்கிட்டயே வந்து சொல்லிக்கினு நிக்கறே. இதுல இன்னா பிரயோசனம்? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு. மீன எடுத்துக்கினு போ.”

மர்சலின் மீனை எடுத்துக்கொண்டு திரும்பி, அதை வீட்டில் வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போனாள்.

கல்லறையில் குப்பமே இருந்தது. ஒவ்வொரு குழிமேட்டிலும் மெழுகுவர்த்தி, தூறலில் அணையாமல் இருக்கக் கொட்டாங்கச்சியால் மறைத்திருந்தார்கள். சாமந்தியும் ஈர மண்ணும் சாம்பிராணியும் கலந்த வாசனை. சவரிராயர் சாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்திருந்தார். காஸ்பர் தன் அப்பன் குழிமேட்டருகே ஒரு கையில் மெழுகுவர்த்தியும் ஒரு கையில் டோரதியுமாக நின்றான். லூயிசா சுவரோரத்தில் நின்றாள். அவள் கையில் பூவும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. சிலுவையின் முன்னால் நிற்காமல், நாலடி தள்ளி, வேறு யாருடைய பிள்ளையையோ பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள். அதைப் பார்த்த பிறகு மர்சலினுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

நேராக அவள் முன்னால் போய் நின்றாள். மீன் விற்கிற குரல் அவளுடையது. எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

“பாயம்மா வார்த்த சொன்னாங்க. என் காதால கேட்டேன். முழுசா கேட்டேன். கேக்கலன்னு நான் சாமியாண்ட பொய் சொன்னேன். என் புள்ளைக்கு சரியாவணும்னு சொன்னேன். பாயம்மா மேல எந்தத் தப்பும் கெடையாது. உன் புள்ளைக்கும் சொல்லிகீறாங்க லூயிசா. வெளிய இருந்து வில்லியம் புள்ள பேர சொன்னப்போ அவுங்க வாயில நொழையலன்னு ரெண்டு வாட்டி கேட்டுக்கினு, சொல்லிப் பாத்துக்கினு ஊத்தினாங்களாம்.”

குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ ‘சேசுவே’ என்றார்கள். பவுல்சாமி முன்னால் வந்து, “இன்னா பேசறே நீ? ஆத்துமாக்கள் நாள்ள வந்து... யாரு உன்ன இப்படிப் பேச வைக்கறது?” என்றார்.

“அன்னிக்குப் பேச வச்சவன கேக்கலியே உபதேசியாரே நீங்க,” என்றாள் மர்சலின்.

லூயிசா திரும்பி அந்த மண்மேட்டைப் பார்த்தாள். நாலடியையும் நடந்து போய் ஈர மண்ணிலே உட்கார்ந்து சிலுவையின் அடியில் நெற்றியை வைத்தாள். அப்போதுதான், இத்தனை நாள் வராத அழுகை அவளுக்கு வந்தது.

மர்சலின் திரும்பினாள். திரும்பின கண்ணுக்கு முன்னால் டோரதி காஸ்பரின் கையிலிருந்து நழுவி விழுந்தாள்.

அதே கண், அதே பல், அதே வெட்டு. சேற்றில் தலை மோதி மோதித் தெறித்தது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கி ஒரு வட்டமாயிற்று. “வந்துட்டான், பாத்தியா, திரும்பி வந்துட்டான்” என்றது ஒரு குரல். “தீர்த்தம், தீர்த்தம் கொண்டாங்க” என்று பவுல்சாமி கத்தினார். காஸ்பர் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றான். எல்லார் கண்ணும் மர்சலின் மேல் இருந்தது.

பக்கத்தில் யாரோ நின்று நியாயம் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக அவளுக்கு அந்த நினைப்பு வந்தது: இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இப்போது சொன்னதுதான் பொய், அன்று சொன்னதுதான் நிஜம் என்று ஒரு வார்த்தை கத்து. ஊர் நம்பும், பவுல்சாமி நம்புவார், பிள்ளை எழுந்து உட்காருவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இது நோவு,” என்றாள். “என் புள்ளைக்கு நோவு. பசாசு இல்ல. யாரும் தண்ணி தெளிக்க வாணாம்.”

முழங்காலில் விழுந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். வெட்டுகிற உடம்பு அவள் பிடிக்கு அடங்கவில்லை. வட்டத்திலிருந்து ஒருவரும் அசையவில்லை. அப்போது ஆட்களைத் தள்ளிக்கொண்டு லூயிசா வந்தாள். நெற்றியெல்லாம் மண், கண்ணெல்லாம் சிவப்பு. சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்து டோரதியின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் வாய் நுரையைத் துடைத்தாள்.

“லூயிசா,” என்றாள் மர்சலின்.

“உங்கிட்ட எனுக்குப் பேச்சு இல்ல. காலை நேரா வுட்டு புள்ளைய ஒருக்களிச்சுப் புடி.” தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “தள்ளி நில்லுங்களேன், காத்து வரட்டும். வலிப்பு வந்த புள்ளைய பாத்ததில்ல? காஸ்பர் அண்ணே, மரமாட்டம் நிக்காத. போய் ரிக்‌ஷா இட்டுக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

காஸ்பர் ஓடினான். மர்சலின் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.